முதலில் கதிரை, பேர் பிறகு

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது மட்டும் "அன்புள்ள கணவருக்கு" என்று தொடங்கினால், வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து மடித்து வைத்துவிடுவீர்கள். பழைய அழைப்பே இருக்கட்டும். கிட்ட வந்து இருங்கள். ஒரு நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன்.

உங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. பதறாதீர்கள், முழுவதையும் கேளுங்கள். வெளிப்பட்டு, ஒரு மண்டபம் நிறையச் சனம் சிரித்து, கொஞ்சப் பேர் அழுது, எல்லோரும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயாகிவிட்டது. ஒருவரும் உங்களைக் கள்ளன் என்று சொல்லவில்லை. அப்பாடா! இந்தக் கிழமை முழுவதும் நான் நன்றாகத் தூங்குகிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்துக்காரர் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். "ஒரு பக்கம் காணும் அக்கா. பிறந்த இடம், படிச்ச இடம், செய்த சேவை" என்றார் காரியதரிசி. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். சேவை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன், அவர்கள் வேண்டுமானால் அச்சுப் போடட்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் திருப்பிச் சொல்லுவேன். வாசிக்கிற சனத்துக்கு விளங்க வேண்டும் அல்லவா?

நீங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் லத்தீனும் பழைய கிரேக்கமும் படிப்பித்த ஆள். கடைசி வருடங்களில் உங்கள் வகுப்பில் மாணவர் இருந்த கதிரைகளைவிட வெறும் கதிரைகள்தான் அதிகம். பிறகு அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டார்கள். "செத்த பாஷை படிப்பிச்ச மனிசன் இனி என்னத்தைச் செய்யப் போறார்?" என்று என் அண்ணா உங்கள் காதில் விழும்படியே கேட்டார். மெல்பேர்ணில் ஆசிரியர் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டீர்கள். எழுபத்திரண்டில் சிலோனில் இருந்து புறப்பட்டோம். இங்கே வந்து கொஞ்ச நாளில் நாம் விட்டு வந்த நாட்டின் பேரே மாறிவிட்டது.

பிரன்ஸ்விக்கில் ஒரு பள்ளிக்கூடம். ஆங்கிலமும் சரித்திரமும் படிப்பிக்கிற தற்காலிக வேலை. முதல் நாள் பள்ளி அதிபர் உங்கள் பட்டச் சான்றிதழில் கிரேக்கம் என்ற சொல்லைக் கண்டதும் இருந்த இடத்தை விட்டு எழும்பிவிட்டாராம். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கிரேக்க வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் எல்லாம் தொழிற்சாலையில் வேலை, ஆங்கிலம் தட்டுத் தடுமாறும். அவர்களோடு பேச ஓர் ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"இது பழைய கிரேக்கம், ஐயா. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முந்திய போர்க் காவியங்களின் பாஷை" என்று நீங்கள் சொன்னீர்கள். அதிபர் உங்கள் முதுகில் தட்டி, "அவர்களும் பழைய சனம்தானே!" என்று சிரித்தார். பெற்றோர் சந்திப்பு நாளில் கிரேக்கப் பெற்றோருக்கு நீங்கள்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று நடந்ததைச் சொன்னீர்கள்.

"பேந்து நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. வேலை இன்னும் நிரந்தரமில்லையப்பா."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் நீங்கள். விலை கூடின சேலையை என் அம்மாவிடம் மலிவு என்று சொல்லும்படி நான் கேட்டபோது, வாய் திறக்க முடியாமல் இருமிக்கொண்டு வெளியே போனவர். உங்களுக்கு இந்தச் சோதனை. யாராவது ஒரு வெள்ளைக்காரர் சங்ககாலத் தமிழை இங்கிலீசு உச்சரிப்பில் படித்துவிட்டு வந்து, சின்னக்கடைச் சந்தையில் மீன் விலை கேட்டால் எப்படி இருக்கும்? அதுதான் உங்கள் நிலைமை. உங்களுக்குத் தெரிந்த கிரேக்கத்தில் ஈட்டி இருந்தது, கேடயம் இருந்தது, கடல் எத்தனையோ நிறத்தில் இருந்தது. வீட்டுப்பாடம் இல்லை.

அந்த இரண்டு பெருங்காவியங்களையும் எனக்குக் குசினியில் வைத்துச் சொன்னவர் நீங்கள். ஒன்றில், ஒரு பெண்ணை மீட்கக் கப்பல் கப்பலாகப் போய்ப் பத்து வருடம் சண்டை. மற்றதில், சண்டை முடிந்த ஒருவன் வீடு வந்து சேர இன்னொரு பத்து வருடம். நான் மீன் வெட்டிக்கொண்டே, "ஒழுங்கா வீடு வந்து சேரத் தெரியாதவனுக்கு ஒரு காவியமோ?" என்று கேட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை.

"அதுக்கில்லையப்பா. அந்தாள் போற வீடுகளைப் பாரும். முன்பின் தெரியாதவன் வாசலில வந்து நிக்கிறான். அவை முதலில கதிரை குடுக்கினம். பேந்து சாப்பாடு. வயிறு நிறைஞ்ச பிறகுதான் நீ ஆர், எந்த ஊர், தாய் தேப்பன் ஆர் எண்டு கேக்கினம். சாப்பிட முந்திப் பேர் கேக்கிறது அந்தக் காலத்தில மரியாதைக் கேடு."

"இதை எங்கட ஆக்களுக்குக் கிரேக்கன் வந்தே சொல்லித் தரவேணும்?" என்றேன். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றீர்கள்.

முதலாவது சந்திப்பு நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் ஒரு பெரிய தகர டப்பா நிறைய மீனும் கிழங்கும் அடைத்த பற்றிஸ் பொரித்துக் கொண்டு வந்து, தேத்தண்ணி மேசையில் நின்றேன். மண்டபத்தில் ஆசிரியர்கள் வரிசையாக மேசைகளுக்குப் பின்னால் இருந்தார்கள். பெற்றோர் நின்றார்கள். வேலை உடுப்போடு வந்தவர்கள், கையில் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் தலை நிமிராமல் ஒரே கேள்வி: பேர் என்ன, எழுத்துக் கூட்டிச் சொல்லு.

நீங்கள் மட்டும் வகுப்பறையில் இருந்து கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் மேசைக்கு முன்னால் போட்டீர்கள். முதலில் வந்தவர்கள் ஸ்தாவ்ரோசும் அவர் மனைவி வசிலிகியும். அவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை, அவள் துணி தைக்கிற தொழிற்சாலையில். மகள் சோஃபியா உங்கள் வகுப்பு. நீங்கள் எழுந்து நின்று, நெஞ்சு நிமிர்த்தி, காவியத்தில் அரசர்கள் விருந்தாளியை வரவேற்கிற அந்தப் பழைய வணக்கத்தைச் சொன்னீர்கள். ஸ்தாவ்ரோஸ் திகைத்துப் போய் மனைவியைப் பார்த்தார். அவள் உங்களைப் பார்த்தாள். பிறகு இருவரும் கதிரையில் இருந்தார்கள். நீங்கள் எனக்குக் கை காட்ட, நான் தேத்தண்ணியும் பற்றிசும் கொண்டு வந்து வைத்தேன். அவர்கள் தின்று முடியும்வரை நீங்கள் பேசவே இல்லை.

அதன் பிறகு பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று வீட்டில் கேட்டதற்கு, "அந்தப் பிள்ளை கணக்கு எண்ட போர்க்களத்தில பின்வாங்குது எண்டு சொன்னன்" என்றீர்கள். நான் வயிறு நோகச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"அவை தலையாட்டினவை. விளங்கித்தான் ஆட்டினவையோ தெரியாது."

அடுத்த தவணைச் சந்திப்பு நாளில் உங்கள் மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. மற்ற வகுப்புப் பெற்றோரும் உங்களிடமே வந்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். சோஃபியா கணக்கில் தேறிவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தினார்கள். அதிபர் உங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார், வேலையும் நிரந்தரமானது. உங்களுக்கோ பயம் கூடியது. பேர் பெரிதாகப் பெரிதாக, விழுகிற பள்ளமும் ஆழமாகிறது என்று சொல்லுவீர்கள்.

சும்மா இருக்கவும் இல்லை நீங்கள். இன்றைய கிரேக்கம் பழக ஒரு புத்தகம் வாங்கினீர்கள். ஒரு பக்கம் புரட்டுவீர்கள், "ஐயோ, வேற்றுமை உருபுகளை என்ன செய்து போட்டாங்கள்!" என்று புலம்பி மூடுவீர்கள். தங்கள் சொந்தப் பாஷையைப் பேசத் தெரியாமல் பேசுகிறார்கள் என்று கிரேக்கர் மேல் ஒரு யாழ்ப்பாணத்தான் கோபித்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். உங்கள் பிடிவாதத்தை எந்தப் புத்தகம் வெல்லும்?

பிறகு அந்த நாள் வந்தது. ஸ்தாவ்ரோசின் மூத்த மகன் ஜீலோங் வீதியில் கார் விபத்தில் இறந்து போனான். அதற்குப் பிறகு வந்த சந்திப்பு நாளில், அந்த மனிதர் கறுப்புச் சட்டையோடு தனியாக வந்தார். சோஃபியாவுக்காக வந்தார். நான் தேத்தண்ணியைக் கொண்டு வந்தபோது நீங்கள் மதிப்பெண் கடுதாசியை மூடி வைத்திருந்தீர்கள். அவருடைய இரண்டு கைகளும் உங்கள் கைகளுக்குள் இருந்தன. நீங்கள் காவியத்தில் இருந்து ஒரு கவியைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், வீட்டில் காலையில் ஷேவ் எடுக்கும்போது சொல்லுகிற அதே கவியை, மெதுவாக.

அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். மகனைப் பறிகொடுத்த கிழட்டு அரசன், மகனைக் கொன்றவனுடைய கூடாரத்துக்கே தனியாகப் போகிறான். மகனின் உடலைத் தா என்று கேட்டு, கொன்ற அந்தக் கைகளையே முத்தமிடுகிறான். கொன்றவனுக்குத் தன்னுடைய தகப்பனின் நினைவு வருகிறது. இரண்டு எதிரிகளும் ஒன்றாக இருந்து அழுகிறார்கள். எனக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான். மற்றதெல்லாம் வீண் சண்டை.

அன்று வீடு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. "நான் இண்டைக்கு ஒரு பாவம் செய்தனான்" என்றீர்கள். "பிள்ளையைப் பறிகுடுத்த மனிசன். அந்தாளுக்கு விளங்குற ஒரு சொல் என்னட்ட இல்லை. நான் இருந்து பாட்டுச் சொல்லிப் படிப்பைக் காட்டினன். அந்தாள் அழுதிது. என்னத்துக்கு அழுதிதோ." நான் எவ்வளவோ சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் பயம் என்றீர்கள், இதை மட்டும் பாவம் என்றீர்கள்.

போன வருடம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சு வலி கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம் என் கையைப் பிடித்து, "அந்தச் சனத்திட்ட நீர் எண்டாலும் உண்மையைச் சொல்லிப்போடும்" என்றீர்கள். நான் "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு உங்களோடு பேசக் கிடைக்கவில்லை.

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எப்படிச் சொல்வது? செத்த வீட்டுக்குக் கிரேக்கச் சனம் திரண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்து அழுதது. அவர்களிடம் போய், உங்கள் ஆசிரியருக்கு உங்கள் பாஷை தெரியாது, இவ்வளவு காலமும் உங்களை ஏமாற்றினார் என்று சொல்வதா? நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். ட்ராமில் வசிலிகியைக் கண்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

அந்த நேரத்தில்தான் அதிபர் தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் பேரில் கிரேக்க மொழிக்கு ஒரு பரிசு வைக்கப் போகிறார்களாம். மண்டபச் சுவரில் பித்தளைத் தகடு. விழாவில் ஸ்தாவ்ரோஸ் பேசுவார், நான் முன் வரிசையில் இருக்க வேண்டும். நீங்கள் வாயால் சொல்லாத பொய்யைப் பித்தளையில் வெட்டிச் சுவரில் அடிக்கப் போகிறார்கள். யாராவது ஒரு கிரேக்கன் எழுந்து, "இந்த ஆளுக்கு எங்கள் பாஷை எங்கே தெரியும்?" என்று கேட்டால் உங்கள் பேர் என்ன ஆகும்? இனியும் தள்ளிப் போட முடியாது என்று தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பற்றிஸ் பொரித்து எடுத்துக்கொண்டு வசிலிகி வீட்டுக்குப் போனேன். வழி முழுவதும் ஆங்கிலத்தில் வசனத்தைப் பாடமாக்கினேன். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆங்கிலம் வரும். அங்கே நடந்த பேச்சை நம் தமிழிலேயே எழுதுகிறேன்.

வாசலிலேயே தொடங்கினேன். "வசிலிகி, ஒரு விசயம் சொல்லவேணும்."

"முதலில இரு" என்று என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

"என்ர மனிசன்..."

"முதலில இதைச் சாப்பிடு." சின்னத் தட்டில் ஒரு கரண்டி பழப்பாகு, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர். அவர்கள் வீட்டில் விருந்தாளிக்கு முதலில் அதுதான். தின்றேன். மறுபடி வாய் திறந்தேன். கோப்பி வந்தது. அதற்குப் பிறகு ஏதோ கீரை வைத்துச் சுட்ட பலகாரம். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கடைசியில் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சத்தமாகவே சொன்னேன்.

"என்ர மனிசனுக்கு உங்கட பாஷை தெரியாது! ஒரு நாளும் தெரியாது! அவருக்குத் தெரிஞ்சது பழைய காவியத்தின்ர பாஷை மட்டும். சாகேக்க உங்களுக்குச் சொல்லச் சொன்னவர். சொல்லிப்போட்டன்."

வசிலிகி பின் வளவுப் பக்கம் திரும்பி, தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஸ்தாவ்ரோசுக்குக் கிரேக்கத்தில் ஏதோ கத்தினாள். அவர் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். வசிலிகி என்னை மறுபடி பிடித்து இருத்தினாள்.

"எங்களுக்குத் தெரியும்" என்றாள். "முதல் நாளே தெரியும். அந்த மனிசன் எங்களைப் பாத்து, விருந்தாளியே, மகிழ்ந்திரு எண்டு ராசா மாதிரிச் சொல்லுது! ஸ்தாவ்ரோஸ் வெளியில வந்து, ஐயோ வசிலிகி, இந்தாளுக்கு ஒரு சொல்லும் தெரியாது எண்டார்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? ஏன் தலையாட்டினனீங்கள்?"

ஸ்தாவ்ரோஸ் எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவர் சொன்னதை எழுத எனக்கு முழுப் பலமும் வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்.

"இந்த நாட்டில எங்க போனாலும் முதலில பேர் கேக்கினம். பேரைச் சொன்னா முகத்தைச் சுளிக்கினம். உன்ர மனிசன் முதலில கதிரை தந்தது. சாப்பாடு தந்தது. பேரைப் பேந்துதான் கேட்டது. நான் ஊரில நாலு வருசம்தான் படிச்சன். அந்த நாலு வருசத்தில மனதில நிண்டது அந்தப் பழைய பாட்டுக் கதை ஒண்டுதான். அதில இருக்கிற முறை இது. எங்கட முறையை எங்களுக்குச் செய்து காட்டின ஆளைப் போய், உனக்கு எங்கட பாஷை தெரியுமோ எண்டு நான் கேக்கிறதோ? கேட்டா அந்த வேலை போயிருக்கும். வேற ஆள் வந்து, பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லு எண்டிருக்கும்."

அதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். சந்திப்பு நாளுக்கு முதல் நாள் ஒவ்வொரு கிரேக்க வீட்டிலும் பிள்ளைகளை இருத்தி, எந்தப் பாடத்தில் எத்தனை, ஆசிரியர் என்ன குறை சொல்லுவார் என்று முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம். மறுநாள் உங்கள் மேசையில் சரியான இடத்தில் தலையாட்ட வேண்டும் அல்லவா! நீங்கள் முகத்தைச் சுருக்கினால் கணக்கு, சிரித்தால் சரித்திரம். அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றப் பிள்ளைகள் தங்கள் குறைகளைத் தாங்களே வீட்டில் ஒப்புவித்தார்கள். ஒப்புவித்த பிறகு படிக்காமல் இருக்க முடியுமா? உங்கள் மேசையின் புகழுக்கு அதுதான் காரணம்.

சோஃபியா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, ஆங்கிலத்தில்தான் சொன்னாள். "பயங்கரமாக இருந்தது, மிஸ்ஸிஸ் நாதன். எங்கள் பள்ளியில் பெற்றோருக்குப் பொய் சொல்ல முடியாத பிள்ளைகள் நாங்கள் மட்டும்தான்."

நான் சிரித்தேன். நீங்கள் போன பிறகு முதல் தடவை சத்தம் போட்டுச் சிரித்தேன். ஆனால் மிச்சம் ஒன்று இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது. ஸ்தாவ்ரோசைப் பார்த்து, "உங்கட மகன் போன பிறகு வந்த நாள்... அவர் பாட்டுச் சொன்னவர். அதை நினைச்சு அவர் கடைசி மட்டும் வருந்தினவர். உங்களுக்கு முன்னால படிப்பைக் காட்டிப்போட்டன் எண்டு" என்றேன்.

அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். கை முழுவதும் தக்காளிச் செடியின் பச்சை நிறம்.

"எங்கட சனம் எல்லாம் எனக்கு ஆறுதல் சொன்னது. அழாதை, நீ ஆம்பிளை, மற்றப் பிள்ளையைப் பார் எண்டு சொன்னது. தொழிற்சாலையில ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. உன்ர மனிசன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பாட்டைத் தொடங்கிச்சு. பத்துச் சொல்லில ஒரு சொல் விளங்கிச்சு. தகப்பன். கை. கண்ணீர். அந்தச் சொல்லெல்லாம் இன்னும் அப்பிடியேதான் கிடக்கு. எந்த இடம் எண்டு பிடிபட்டிட்டுது. அந்தக் கிழவன் மகனுக்காகப் போற இடம். அந்தக் கிழவன் ராசா. அவனே அழுதவன். அண்டைக்குத்தான் நான் அழுதனான். அதுக்கு முந்தி அழேல்லை."

இஞ்சாருங்கோ, கேட்டீர்களா? நீங்கள் பாவம் என்று சொன்னது இதைத்தான். இந்த வருடம் முழுவதும் அந்தச் சொல் என் நெஞ்சில் கிடந்தது. அது பாவம் இல்லையாம். அந்த மனிதர் தன் வாயால் சொன்னார். இனி அதைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.

வசிலிகி என் கோப்பையை மறுபடி நிரப்பினாள். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்து இருந்துகொண்டு, "சரி, இப்ப சாப்பிட்டாச்சு. சொல்லு, நீ ஆர்? எந்த ஊர்? உன்ர தாய் தேப்பன் ஆர்?" என்று கேட்டாள். இந்த நாட்டுக்கு வந்ததில் இருந்து என்னிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் நான் உங்கள் மனைவி, பற்றிஸ் கொண்டு வருகிற பெண். நான் சொல்லத் தொடங்கினேன். பொழுதுபடும்வரை சொன்னேன்.

விழாவையும் சொல்லிவிடுகிறேன். ஸ்தாவ்ரோஸ் மேடையில் ஏறி, தன் உடைந்த ஆங்கிலத்தில், "மிஸ்டர் நாதனுக்குக் கிரேக்கத்தில் ஒரு கிலோ தக்காளி கேட்கக்கூடத் தெரியாது" என்று தொடங்கினார். கிரேக்கச் சனம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. பிறகு கதிரையின் கதையை முழுவதும் சொன்னார். அதிபரின் முகம் சிவந்து போயிற்று. அவர் எழுந்து வந்து, "நாதன் என்னிடம் முதல் நாளே சொன்னார். நான்தான் காது கொடுக்கவில்லை" என்றார். ஒரு மண்டபச் சனத்துக்கு முன்னால் சொன்னார். நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கு இனி என் சாட்சி தேவையில்லை.

பரிசையும் மாற்றிவிட்டார்கள். மொழிப் பரிசு இல்லை. வருடத்துக்கு ஒரு பிள்ளை அந்தக் காவியத்தில் ஓரிடத்தைத் தன் வீட்டுப் பாஷையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இந்த முறை சோஃபியா. அந்தக் கிழட்டு அரசனின் இடத்தைத்தான் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல முன் வரிசையில் ஸ்தாவ்ரோசின் உதடு அசைந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எந்த இடம் என்று தெரிந்தது. உங்கள் உச்சரிப்பு எவ்வளவு பிழை என்பதும் தெரிந்தது, குறை நினைக்காதீர்கள்.

மற்றப் புதினங்கள்: வசிலிகி வீட்டில் கலர் டீவி வாங்கிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை என்னை வரச் சொல்லுவாள். நம் எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது, பாதி அங்கேதான் போகிறது. உங்கள் கிரேக்கப் பாடப்புத்தகத்தை நான் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். வேற்றுமை உருபுக்கு நான் அழ மாட்டேன், நான் அவ்வளவு படித்தவள் இல்லை.

அடுத்த வருடம் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பிறகு பெரியவர்களும் சொல்லலாம் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். நான் சொல்லப் போகிறேன், தமிழில். குசினியில் நீங்கள் எனக்குச் சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். கேட்கிற சனத்துக்கு விளங்காது. தலையாட்டுவார்கள், எனக்குத் தெரியும்.

அங்கே எப்படி? போன இடத்தில் முதலில் கதிரை தந்தார்களா? சாப்பிட ஏதும் தந்த பிறகுதானே கேட்டார்கள்? தராமல் கேட்டால் பேரைச் சொல்லாதேயுங்கோ. பேசாமல் நில்லுங்கோ. நான் வரும்போது பற்றிஸ் பொரித்துக் கொண்டு வருவேன், உங்களுக்கும் அங்கே நின்றுகொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் போதும்படியாக. கதிரையை மட்டும் நீங்கள் எடுத்து வையுங்கள்.

கிரேக்கத்தில் ஒரு கிலோ தக்காளி கேட்கப் பழகிவிட்ட,
உங்கள் மனைவி
பாக்கியம்